பாட்டு டப்ளினில், தட்டு நியூயார்க்கில்

'தி ஃபாகி டியூ' என்ற ஐரிஷ் பாட்டு 1916 ஈஸ்டர் எழுச்சியைப் பற்றியது. டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் எடுத்து, ஆறே நாளில் தோற்றுப்போனவர்களை நினைத்து உருகும் பாட்டு. சினேட் ஓகானர் 1995இல் சீஃப்டன்ஸ் குழுவோடு சேர்ந்து பாடிய பதிவைக் கேட்டு மயங்கிய ஒருவர், இதன் ஆகப் பழைய இசைத்தட்டு எது என்று தேடப் புறப்பட்டால், வெகு சீக்கிரம் பாடகர் ஜான் மக்கார்மக்கின் தட்டில் வந்து முட்டுவார். அது பதிவான ஆண்டு 1913. எழுச்சிக்கு மூன்று வருடம் முந்தியது!

ஆண்டில் பிழை இல்லை. மக்கார்மக் பாடியது ஒரு காதல் பாட்டு. சார்ல்ஸ் ஓநீல் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1919 வாக்கில் அந்தப் பழைய காதல் பாட்டின் மெட்டையும் தலைப்பையும் எடுத்துக்கொண்டு, சொற்களை மட்டும் புதிதாக எழுதினார். குழப்பம் இதோடு முடிவதில்லை. இங்கிலாந்தில் இதே பெயரில் இன்னொரு நாட்டுப்பாட்டு உண்டு. நெசவாளி ஒருவனும் ஒரு பெண்ணும் பனி கொட்டும் இரவும் என்று போகும் குறும்புப் பாட்டு. பெஞ்சமின் பிரிட்டன் பியானோவுக்கு அமைத்தது அதைத்தான். ஆக ஒரு பெயர், மூன்று பாட்டு. பெயரைச் சொல்லித் தேடினால் மூன்றும் கலந்து வரும்.

ஐரிஷ் கிளர்ச்சிப் பாடல்களின் பதிவுகளைத் தேடுபவர் முதலில் கற்கும் பாடம், பெயரை நம்பக்கூடாது என்பது. 'பழைய' என்ற அடைமொழியையும் நம்பக்கூடாது என்பது அடுத்து வரும். மூன்றாவது பாடம் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும். இந்தப் பாட்டுகளின் குரலை அயர்லாந்தில் தேடுவதைவிட அயர்லாந்தை விட்டுப் போனவர்களிடம் தேடுவதே பலன் தரும். இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது முக்கியமாக இந்த மூன்றாவதைத்தான். ஆனால் பழமை பற்றிய மயக்கத்தைத் தெளிவித்துக்கொள்ளாமல் அங்கே போக முடியாது.

கிளர்ச்சிப் பாடல்களில் பெரும்பகுதிக்கு 1798தான் ஊற்று. பிரெஞ்சுப் புரட்சியின் வேகத்தில் அயர்லாந்தில் எழுந்து, அந்த ஆண்டிலேயே ரத்தத்தில் அடக்கப்பட்ட கலகம் அது. அதைப் பாடும் பாட்டுகளைக் கேட்பவருக்கு, களத்தில் நின்றவனே பாடியது போலிருக்கும். ஆனால் 'தி ரைசிங் ஆஃப் த மூன்' பாட்டை எழுதிய ஜான் கீகன் கேசி பிறந்ததே 1846இல். இருபத்து மூன்று வயதில், 1870இல் இறந்தும்போனார். 'பூலவோக்' பாட்டை பி. ஜே. மக்கால் எழுதியது கலகத்தின் நூற்றாண்டு நினைவை ஒட்டி, 1898இல். 'ராடி மக்கார்லி'யை எழுதிய எத்னா கார்பரியும் அந்த நூற்றாண்டுக் காலத்துக் கவிஞர்தான். தோற்ற கலகத்துக்கு நூறு வருடம் கழித்து, அடுத்த கலகத்துக்கு ஆள் சேர்ப்பதற்காக எழுதப்பட்டவை இவை. மக்கால் டப்ளினில் பப் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பது, பின்னால் வரப்போகும் பப் பாட்டு விவகாரத்தை நினைத்தால் சுவையான தகவல்.

எழுதியவர்களுக்குத் தங்கள் பாட்டு ஒலியாகச் சேமிக்கப்படும் என்ற நினைப்பே இருந்திருக்காது. அவர்களுக்குத் தெரிந்த ஊடகம் காகிதம். 1867 நவம்பர் 23 அன்று மான்செஸ்டரில் ஆலன், லார்கின், ஓபிரையன் ஆகிய மூன்று ஐரிஷ்காரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். டி. டி. சல்லிவன் எழுதிய 'காட் சேவ் அயர்லாந்து' அடுத்த மாதம் 7ஆம் தேதி 'தி நேஷன்' பத்திரிகையில் அச்சாகிவிட்டது. மெட்டுக்கு அவர் அலையவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிறைப்பட்ட வடக்குப் படைவீரனுக்காக ஜார்ஜ் ரூட் 1864இல் இயற்றிய பாட்டு அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது, அதையே எடுத்துக்கொண்டார். அமெரிக்கச் சரக்கு அயர்லாந்துக்குப் புலம்பெயர்ந்து வந்து ஐரிஷ் தேசப்பாட்டாகிவிட்டது. பல பத்தாண்டுகளுக்கு அதுவே அதிகாரபூர்வமற்ற தேசியகீதமாக இருந்தது.

இந்த மெட்டுக் கடன் தேடுபவருக்குப் பெரிய உதவி. 1957 ஜனவரி முதல் தேதி, வட அயர்லாந்தின் புரூக்பரோ காவல் நிலையத்தைத் தாக்கப் போன ஐ.ஆர்.ஏ. குழுவில் ஷான் சவுத், ஃபெர்கல் ஓஹான்லன் என்ற இருவர் மாண்டனர். ஷான் சவுத் மீதான பாட்டு சில நாளிலேயே வந்துவிட்டது, 'ராடி மக்கார்லி'யின் மெட்டில். ஓஹான்லன் மீது டொமினிக் பீஹன் எழுதிய 'தி பேட்ரியட் கேம்' பழைய மெட்டொன்றில் ஏறிக்கொண்டது. அதே மெட்டைப் பின்னர் பாப் டிலன் தன் போர் எதிர்ப்புப் பாட்டொன்றுக்கு எடுத்தபோது, திருடிவிட்டான் என்று பீஹன் கொதித்தார். மெட்டை இரவல் வாங்கியவர் இன்னொருவர் இரவல் வாங்கியதற்குக் கோபித்துக்கொண்ட கதை! சொற்கள் மாறலாம், தலைப்பு மாறலாம். மெட்டு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். தேடல் தலைப்பில் நின்றுவிட்டால் மெட்டைப் பிடித்துத் தொடர வேண்டும்.

சரி, தட்டுகளுக்கு வருவோம்.

1841இல் அயர்லாந்தின் மக்கள்தொகை 80 லட்சத்துக்கு மேல். 1901இல் அது 45 லட்சத்துக்கும் கீழே. பஞ்சத்தில் செத்தவர் போக, மற்றவர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். கிராமபோன் வியாபாரம் சூடுபிடித்தபோது, கையில் வாரக்கூலியும் மனதில் ஊர் ஏக்கமும் கொண்ட ஐரிஷ் கூட்டம் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் சிகாகோவிலும் இருந்தது. ஊரில் இருந்தவர்களுக்குத் தட்டு தேவைப்படவில்லை. அடுத்த வீட்டில் பாடுகிற ஆள் இருந்தார். கிராமபோன் வாங்கக் காசும் இல்லை. ஒலிப்பதிவு நிறுவனங்கள் காசு இருக்கும் பக்கம்தான் குழலைத் திருப்பும்.

அப்படியும் தானாகத் திருப்பிவிடவில்லை. எலன் ஓபர்ன் டிவிட் என்ற ஐரிஷ் பெண்மணி நியூயார்க்கின் மூன்றாம் அவென்யூவில் கடை வைத்திருந்தார். ஐரிஷ் இசைத்தட்டு கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க உருப்படியான சரக்கு இல்லை. 1916இல் அவர் கொலம்பியா நிறுவனத்தை அணுகினார். நீங்கள் தட்டு போடுங்கள், 500 பிரதிகளை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று உறுதி கொடுத்தார். மகனை அனுப்பி எடி ஹெர்பார்ன், ஜேம்ஸ் வீலர் என்ற இருவரைப் பிடித்தும் கொடுத்தார். அக்கார்டியனும் பாஞ்சோவும் சேர்ந்த நடன இசை. விற்றுத் தீர்ந்தது. ஐரிஷ் மண்ணிசைக்கு அமெரிக்காவில் சந்தை இருக்கிறது என்று பெரிய நிறுவனங்களுக்குப் புரியவைத்தது ஒரு மூலைக்கடையின் முன்பதிவு. டப்ளினில் எழுச்சி நடந்த அதே ஆண்டு இது என்பது தற்செயல்தான்; ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அந்த எழுச்சியின் பாட்டுகளையும் சுமந்து செல்லப்போகும் பாதை இங்கேதான் வெட்டப்பட்டது.

மக்கார்மக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தாலிய ஆப்பெராவில் பெயர் எடுத்த அவர், 1912இல் விக்டர் நிறுவனத்துக்காக 'தி வேரிங் ஆஃப் த க்ரீன்' பாடினார். பச்சை உடுத்தினாலே தண்டனை என்று 1798 காலத்து ஒடுக்குமுறையைப் பழிக்கும் பாட்டு. இரண்டே வருடத்தில், 1914இல், பிரிட்டிஷ் சிப்பாய்கள் பாடிக்கொண்டே போர்முனைக்குப் போன 'இட்ஸ் எ லாங் வே டு டிப்பரரி'யையும் அதே நிறுவனத்துக்காக அதே குரலில் பாடினார். இரண்டு தட்டுமே விற்றன. இதைக் கொள்கை முரண் என்று யாராவது எழுதினால் எனக்குச் சம்மதமில்லை. அன்றைய ஐரிஷ் குடும்பங்களில் ஒரு மகன் பிரிட்டிஷ் படையிலும் இன்னொரு மகன் கலகக்காரர்களோடும் இருந்தது சாதாரணம். 1920 ஜூனில் பஞ்சாபின் ஜலந்தரில் கன்னாட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் படைப்பிரிவு, ஊரில் பிரிட்டிஷ் படை செய்யும் அட்டூழியத்தைக் கேள்விப்பட்டு ஆயுதத்தைக் கீழே வைத்து, கிளர்ச்சிப் பாட்டு பாடியது. சோலனில் இருந்தவர்களுக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் டேலி நவம்பர் 2 அன்று டக்‌ஷாயில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதற்கு முதல் நாள்தான் டப்ளின் மவுன்ட்ஜாய் சிறையில் பதினெட்டு வயது மருத்துவ மாணவன் கெவின் பாரியைத் தூக்கிலிட்டிருந்தார்கள். பாரியின் பெயரில் உடனே ஒரு பாட்டு கிளம்பியது. எழுதியவர் யாரென்று தெரியாத அந்தப் பாட்டை, பிற்பாடு அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சனும் கனடாவின் லியோனார்ட் கோஹனும்கூடப் பாடினார்கள். டேலிக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

அமெரிக்கத் தட்டுகளைத் தேடுவதில் ஒரு வசதி உண்டு. தட்டின் மேல் ஆண்டு அச்சிட்டிருக்காது. ஆனால் நடுத்தாளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் அச்சு எண் ஒன்று பொறித்திருக்கும். அந்த எண்ணை வைத்து எந்த நாள், எந்த ஊர், எத்தனையாவது முயற்சி என்று நிறுவனப் பேரேட்டிலிருந்து பிடித்துவிடலாம். சாண்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் அமெரிக்கப் பதிவுகளுக்கான அட்டவணையை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. 1893 முதல் 1942 வரை அமெரிக்காவில் வெளியான வேற்றினத்தார் தட்டுகளை ரிச்சர்ட் ஸ்பாட்ஸ்வுட் தனியொருவராகத் தொகுத்த ஏழு தொகுதிகளில் ஐரிஷ் பகுதியும் உண்டு. இன்னொரு எச்சரிக்கை: 78 சுழற்சித் தட்டு என்று பொதுவாகச் சொன்னாலும், 1925இல் மின்வழிப் பதிவு வருவதற்கு முன் வந்த தட்டுகள் பல அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. கண்ணை மூடிக்கொண்டு 78இல் ஓடவிட்டால் ஆண் குரல் இரண்டு படி ஏறிக் கீச்சிடும். இணையத்தில் உலவும் படிகளில் இப்படிக் கெட்டுப்போனவை ஏராளம்.

இதே காலத்தில் அயர்லாந்துக்குள் என்ன நடந்தது? சுதந்திர அரசு 1935இல் நாட்டார் வழக்காற்று ஆணையத்தை அமைத்தது. ஊர் ஊராகப் போன சேகரிப்பாளர்கள் எடிஃபோன் என்ற கனத்த இயந்திரத்தைச் சுமந்து சென்று, கிழவர் கிழவிகளின் கதையையும் பாட்டையும் மெழுகு உருளைகளில் பிடித்தார்கள். உலகின் மிகப் பெரிய நாட்டார் தொகுப்புகளில் ஒன்று இப்படி உருவானது. இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கிறது. ஆனால் குரல் தேடிப் போகிறவருக்கு அங்கே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. உருளை விலை அதிகம், ஆணையத்தின் கையில் பணம் குறைவு. அதனால் உருளையில் இருந்ததை அட்சரம் பிசகாமல் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, மெழுகைச் சீவி வழவழப்பாக்கி, அடுத்த ஊருக்கு அனுப்பினார்கள். எழுத்து நிலைத்தது, தொண்டை போய்விட்டது. இதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லைக் காப்பதே அவர்கள் ஏற்ற வேலை, அதை மிக நன்றாகச் செய்தார்கள். ஆனால் ஒரு நாட்டின் அரசு தன் குடிகளின் குரலைச் சீவிக்கொண்டிருந்த வருடங்களில், அதன் அகதிகள் நியூயார்க்கில் தட்டு தட்டாகப் பதிந்துகொண்டிருந்தார்கள் என்பதை எப்படிக் கடந்துபோவது?

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. டீலியா மர்ஃபி 1939இல் ஹெச்.எம்.வி. தட்டில் பாடிய நாட்டுப்பாட்டுகள் அயர்லாந்தில் வீடு வீடாக ஒலித்தன. நாசூக்கான குடும்பங்கள் வெட்கப்பட்டு ஒதுக்கிய பாட்டுகளை, ஒரு ராஜதந்திரியின் மனைவி உரக்கப் பாடியது பெரிய விஷயம். ஆனால் அவை பெரும்பாலும் காதலும் கேலியும், துப்பாக்கி குறைவு.

ஊரில் பாடியவர்களின் குரலை வெளியிலிருந்து வந்தவர்களே பெருமளவில் பிடித்தார்கள். 1951 ஜனவரியில் அமெரிக்கர் ஆலன் லோமாக்ஸ் ஒலிநாடாக் கருவியோடு வந்து இறங்கினார். வழிகாட்டி ஷேமஸ் எனிஸ். ஆணையத்துக்காக ஊர் சுற்றிய, குழலிசையில் கைதேர்ந்த, எந்தப் பாட்டு எந்த அடுப்படியில் இருக்கிறது என்று அறிந்த மனிதர். பிபிசி தன் பங்குக்கு 1950களில் பதிவுக் குழுக்களை அனுப்பியது. அவை சேகரித்ததில் பிறந்த 'ஆஸ் ஐ ரோவ்ட் அவுட்' என்ற வானொலி நிகழ்ச்சியின் முகப்பில் ஒலித்த குரல் சேரா மேக்கமுடையது. ஆர்மா மாவட்டத்தின் கீடி என்ற சிற்றூரில், சமையலறையில் வேலை செய்துகொண்டே பாடும் குடும்பத் தலைவி. எந்த மேடையும் ஏறாதவர். ஒரு வாத்தியமும் இல்லாமல், உணர்ச்சியைப் பிழிந்து காட்டாமல், செய்தி சொல்வதுபோலப் பாடுவார். அந்தக் காலத்தில் கிளர்ச்சிப் பாட்டும் பெரும்பாலும் இப்படித்தான் பாடப்பட்டது. ஒருவர் பாட, மற்றவர் கேட்க. கூட்டமாகக் கைதட்டி மேசையைக் குத்திப் பாடும் முறையைப் பழமை என்று நினைப்பவர், சேரா மேக்கம் பாடுவதை ஒரு முறை கேட்க வேண்டும்.

1955இல் அந்த வீட்டுக்கு டயான் ஹாமில்டன் வந்தார். குகன்ஹைம் கோடீசுவரக் குடும்பத்துப் பெண். பெயரை மாற்றிக்கொண்டு நாட்டுப்பாட்டு சேகரித்தவர். உடன் வந்தது டிப்பரரி மாவட்டத்தின் கேரிக்-ஆன்-ஷூர் ஊர்க்காரனான லியம் கிளான்சி என்ற இளைஞன். அங்கே சேராவின் மகன் டாமியோடு லியமுக்கு நட்பு ஏற்பட்டது. அடுத்த சில மாதங்களில் இருவருமே அமெரிக்காவில் இருந்தார்கள். லியமின் அண்ணன்கள் பேடியும் டாமும் அங்கே ஏற்கெனவே நாடக நடிகர்கள். ஹாமில்டனின் பணத்தோடு பேடி 'டிரடிஷன்' என்ற தட்டு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். 1956இல் நால்வரும் சேர்ந்து, பிராங்ஸ் பகுதியில் நாட்டார் வழக்காற்றியலர் கென்னத் கோல்ட்ஸ்டைனின் வீட்டில் உட்கார்ந்து கிளர்ச்சிப் பாட்டுகளாகவே ஒரு தட்டு பதிந்தார்கள். தலைப்பு 'தி ரைசிங் ஆஃப் த மூன்'. 1959இல் குடிப்பாட்டுகளாக இன்னொன்று. 1961 மார்ச் 12 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், வேறொருவர் வராமற்போனதால் இவர்களுக்குக் கால் மணி நேரம் கிடைத்தது. அம்மா ஊரிலிருந்து அனுப்பிய வெள்ளைக் கம்பளிச் சட்டையோடு அமெரிக்காவே பார்த்தது. அதன் பிறகு அயர்லாந்தும் பார்த்தது. டப்ளினில் தாத்தா காலத்துப் பாட்டைப் பாட வெட்கப்பட்ட இளைஞர்கள் கம்பளிச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு பாஞ்சோ கற்கத் தொடங்கினார்கள்.

பப் பாட்டு என்ற வகையும் இந்த வழியில் வந்ததுதான். 'ஃபினகன்ஸ் வேக்' 1864இல் நியூயார்க் மேடைக்காக அச்சானது. 'ராக்கி ரோட் டு டப்ளின்' இங்கிலாந்தின் மியூசிக் ஹால் மேடையில் புகழ் பெற்றது. பாட்டும் நடனமும் அயர்லாந்தில் அடுப்படியில் வாழ்ந்தவை. இசைக்காரர்கள் பப்பில் கூடும் வழக்கம் வேரூன்றியது, அறையெடுத்துத் தங்கிக் கட்டட வேலை செய்த லண்டன் ஐரிஷ்காரர்களிடம். ஹாலோவேயில் 'தி ஃபேவரிட்' என்ற பப்பில் பதிந்து டாபிக் நிறுவனம் 1968இல் வெளியிட்ட தட்டு அதற்கு நல்ல சாட்சி. டப்ளினின் மெரியன் ரோவில் உள்ள ஓடானஹூ பப்பில் 1962இல் உருவான டப்ளினர்ஸ் குழு இதை ஊருக்குள் நிலைநிறுத்தியது. கள்ளக்காதலனைக் கண்டும் காணாத குடிகாரக் கணவனைப் பற்றிய 'செவன் ட்ரங்கன் நைட்ஸ்', கனமாரா பாடகர் ஜோ ஹீனியிடமிருந்து அவர்கள் கற்றது. தலைப்பில் ஏழு இரவு. தட்டில் ஐந்துதான், மிச்சம் இரண்டும் சபைக்கு ஆகாது. அந்த ஐந்தையுமே அயர்லாந்து அரசு வானொலி 1967இல் தடுத்துவிட்டது. கடலில் கப்பலை நிறுத்தி அனுமதியில்லாமல் ஒலிபரப்பிய ரேடியோ கரோலைன் அதைத் திரும்பத் திரும்பப் போட, பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 7ஆம் இடம் பிடித்தது.

தடை இன்னொரு வகையான தேடலுக்கு வழிகாட்டும். 1971 ஆகஸ்ட் 9 அன்று வட அயர்லாந்தில் விசாரணையின்றி ஆட்களைப் பிடித்து அடைக்கத் தொடங்கினார்கள். அதைப் பற்றி பேடி மக்விகன் எழுதி பார்லிகார்ன் குழு பாடிய 'தி மென் பிஹைண்ட் த வயர்' 1972 தொடக்கத்தில் அயர்லாந்தின் விற்பனையில் முதலிடத்துக்குப் போனது. வருமானம் அடைபட்டவர்களின் குடும்பங்களுக்கு. எழுதியவரையும் பிடித்து அடைத்தார்கள். வானொலி இத்தகைய பாட்டுகளுக்குக் கதவைச் சாத்திய காலம் அது. வானொலிப் பேழைகளில் தேடினால் கிடைக்காதது, சிறு நிறுவனத் தட்டுகளிலும் வீட்டுப் பரண்களிலும் கிடைக்கும். எண்ணிக்கை குறைந்ததால் அரிதானவையும் உண்டு: கிறிஸ்டி மூரின் முதல் தட்டான 'பேடி ஆன் த ரோட்' 1969இல் டொமினிக் பீஹனின் மேற்பார்வையில் பதிவாகி, 500 பிரதிகளோடு நின்றுபோனது. அதற்கு நேர்மாறாக, பீஹன் எழுதி வுல்ஃப் டோன்ஸ் குழு 1972இல் பாடிய 'கம் அவுட் யீ பிளாக் அண்ட் டான்ஸ்' தட்டைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. 2020 ஜனவரியில், பழைய பிரிட்டிஷ் கால அயர்லாந்துக் காவல்படைக்கு அரசு நினைவுவிழா எடுக்கப் போவதாக அறிவித்ததும் மக்கள் கொதித்தெழுந்து அந்தப் பாட்டைக் காசு கொடுத்து இறக்கினார்கள். அயர்லாந்து, பிரிட்டன் இரண்டிலும் ஐடியூன்ஸ் பட்டியலில் முதலிடம். விழா தள்ளிவைக்கப்பட்டது.

இன்று தேடுபவர் போக வேண்டிய முதல் முகவரி, 1987இல் தொடங்கப்பட்ட ஐரிஷ் மரபிசை ஆவணக்காப்பகம். டப்ளின் மெரியன் சதுக்கத்தில் 73ஆம் எண் வீடு. காப்பகம் தருவதைச் சட்டம் எங்கே தடுக்கிறது என்பது கடலின் எந்தக் கரையில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1963க்கு முன் வெளியான தட்டுகள் பொதுவுடைமை. அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி 1923க்கு முந்தைய பதிவுகள் 2022இல்தான் விடுதலையாயின. 1956இல் வெளியானதற்கு 110 ஆண்டு காவல். பிராங்ஸில் பதிவான கிளான்சி சகோதரர்கள் தட்டு அயர்லாந்தில் யாருக்கும் சொந்தமில்லை. பதிவான நாட்டிலோ 2066 முடியும்வரை சிறையில்.

யாருக்கும் சொந்தமில்லாததால் ஆளாளுக்கு மறுபதிப்புப் போடலாம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தத் தட்டைக் குழுவினர் 1959இல் அதே தலைப்பில் மறுபடி பாடிப் பதிந்தார்கள். உறையையோ இணையத்துக் குறிப்பையோ பார்த்து எது எது என்று சொல்வது கடினம். ஓடவிட்டுக் கேட்பதே வழி. கிதாரும் யாழும் கேட்டால் 1959. குரல்களும், அவ்வப்போது இடையில் புகும் பேடி கிளான்சியின் மவுத் ஆர்கனும் மட்டும் கேட்டால், அது கோல்ட்ஸ்டைன் வீட்டில் பதிவான 1956.